படம் பக்கத்தில் இருக்கட்டும், பெயர் நம்மிடம் இருக்கட்டும்

நவம்பர் 18, 2025. மாலை 5 மணி ஆவதற்குச் சற்று முன்பு எக்ஸ் திறக்கவில்லை, சாட்ஜிபிடி பதில் சொல்லவில்லை, உலகெங்கும் எத்தனையோ தளங்கள் பிழைச் செய்தியைக் காட்டிக்கொண்டு நின்றன. கிளவுட்ஃபிளேர் என்ற ஒரே நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்பட்ட கோளாறு அது. யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் முதலில் அவர்களும் நினைத்தார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. தரவுத்தளம் ஒன்றில் அனுமதிகளை மாற்றியதால், தளத்துக்கு வருவது மனிதரா நிரலா என்று பிரித்தறிய உதவும் ஒரு கோப்பு இரு மடங்காகப் பெருத்துவிட்டது. அதைப் படிக்கும் மென்பொருளுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். கோப்பு அந்த வரம்பைத் தாண்டியதும் மென்பொருள் நின்றுபோனது. பெரும்பாலான தளங்கள் வழக்க நிலைக்குத் திரும்ப இரவு 8 மணி ஆயிற்று.

மறுநாள் காலையிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள். காரைக்குடியில் ஜவுளிக் கடைகளுக்குச் சேலைகளைப் படம் எடுப்பதும், அந்தப் படங்களைக் கடைகளின் இணையதளத்தில் ஏற்றிப் பராமரிப்பதும் என் தொழில். நான் பார்த்துக்கொள்ளும் கடைகள் வேறு வலையமைப்புகளில் இருப்பதால் அன்று எந்தத் தடங்கலும் இல்லை. ஆனாலும் செய்தியைப் பார்த்துக் கடைக்காரர்கள் பயந்துவிட்டார்கள். கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கும் ஆச்சி ஒருவர், “ஊரான் கையில குடுத்துட்டு உக்காந்திருக்கிறதுக்கு, எல்லாத்தையும் நம்ம சர்வருக்கே கொண்டாந்துரு தாயி” என்றார். இன்னும் இரண்டு கடைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு கல்லூரி நிர்வாகமும் அந்த முடிவுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அது தவறான முடிவு. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சேலைப் படம் ஒன்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் ஊர்ச் சிறு கடைகள் பலவற்றின் தளங்கள் மலிவாகக் கிடைக்கும் அமெரிக்க ஹோஸ்டிங்கில் இருக்கின்றன. கடைக்காரருக்கு அது தெரிவதுகூட இல்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய், அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று சொல்லி யாரோ அமைத்துக் கொடுத்திருப்பார். அந்தக் கணினி வர்ஜீனியாவிலோ டெக்சாஸிலோ இருக்கும். காரைக்குடியில் நெய்து, காரைக்குடியில் படம் எடுத்த சேலையை, தேவகோட்டையில் இருக்கும் ஒரு பெண் தன் கைபேசியில் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படம் வர்ஜீனியாவிலிருந்து சுமார் 14,000 கிலோமீட்டர் பயணப்பட்டு வர வேண்டும். கடலுக்கடியில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே உண்மையான தூரம் இன்னும் கூடுதல்.

ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். வேகம்தான், ஆனால் ஒரு தடவை போனால் போதாது. கைபேசி முதலில் சர்வருடன் தொடர்பை ஏற்படுத்த வேண்டும், பிறகு பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான இணைப்பை உறுதிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் படத்தைக் கேட்க முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை போய்த் திரும்ப வேண்டும். அமெரிக்காவுக்கு ஒரு முறை போய்த் திரும்பக் கால் நொடி ஆகும். படமும் ஒரேயடியாக வந்து விழாது. இடையில் பாதை எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால் சர்வர் முதலில் ஏறத்தாழ 14 கிலோபைட் அனுப்பும். அது வந்து சேர்ந்ததாகப் பதில் கிடைத்தால் அடுத்து 28, அடுத்து 56 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 2 எம்பி படம் இப்படி வந்து முடிய 8 சுற்று ஆகும். 8 கால் நொடி, 2 நொடி. சென்னையில் இருக்கும் சர்வரிலிருந்து வந்தால் ஒரு சுற்றுக்கு 30 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தமும் கால் நொடிக்குள் முடிந்துவிடும்.

5ஜி வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தக் கவலை என்று கேட்பவர்களுக்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 5ஜி கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையில் உள்ள பாதையைத்தான் அகலமாக்குகிறது. அட்லாண்டிக் கடலின் அகலத்தை அது குறைப்பதில்லை.

இந்தச் சிக்கலை 1990களின் நடுவிலேயே கண்டுகொண்டவர் இணையவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தன் அலுவலகத்துக்கு அருகில் இருந்த கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனிடம் இதைப் பற்றிப் பேசினார். லெய்ட்டனும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் டேனியல் லெவினும் சகாக்களும் சேர்ந்து, எந்தக் கோப்பை எந்தக் கணினியில் வைப்பது என்பதற்கு ஒரு கணித வழி கண்டார்கள். ஒரு கணினி பழுதானாலும் புதிதாக ஒன்று சேர்ந்தாலும் எல்லாவற்றையும் மாற்றி அடுக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. 1997-ல் அந்த ஆய்வு வெளியானது. அந்த வழியை வைத்து 1998-ல் அகமாய் நிறுவனம் பிறந்தது. செப்டம்பர் 11, 2001 அன்று கடத்தப்பட்டு நியூயார்க் கோபுரத்தில் மோதவிடப்பட்ட முதல் விமானத்தில் லெவின் இருந்தார். அவருக்கு வயது 31. அன்று உலகம் முழுவதும் செய்தித் தளங்களில் மக்கள் குவிந்தபோது, அந்தச் சுமையைத் தாங்க உதவியது அவர் உருவாக்கிய வலையமைப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அப்படிப் பிறந்ததுதான் உள்ளடக்க விநியோக வலையமைப்பு. எங்கள் தொழிலில் சிடிஎன் என்போம். நெல் எங்கோ ஒரு பெரிய கிடங்கில் இருந்தாலும் நாம் அங்கே போவதில்லை, தெருக்கோடி ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொள்கிறோம். அதுபோல, மூலப்படம் எங்கே இருந்தாலும் அதன் நகல் ஒன்று பார்ப்பவருக்கு அருகில் இருக்கும் கணினியில் வைக்கப்படுகிறது. அமேசான் தன் விநியோகக் கணினிகளைச் சென்னையிலும் மும்பையிலும் 2013-ல் வைத்தது. கிளவுட்ஃபிளேர் 2015-ல் சென்னைக்கு வந்தது. ஆச்சியின் கடைக்கு இது இரண்டு விதத்தில் தேவை. வாங்குபவர்களில் பாதிப் பேர் இங்கே இருக்கிறார்கள், மீதிப் பேர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். ஒரு சர்வரை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவருக்குத் தூரம்தான். எல்லாவற்றையும் நம்ம சர்வருக்கே கொண்டுவருவது என்றால் இந்தத் தூரத்தையும் கூடவே கொண்டுவருவது என்று அர்த்தம்.

தூரம் மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில், ஜெட்டாவுக்கு அருகில் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணையம் மெதுவானது. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகில் கேபிள்கள் அறுந்தபோதும் இதேதான் நடந்தது. சென்னையில் நகல் இருக்கும் படத்துக்கு எகிப்தில் எது அறுந்தாலும் கவலையில்லை. இந்த நன்மையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிடிஎன் விழுந்தால் அது செய்தியாகிறது. கேபிள் அறுந்த நாட்களில் அது தாங்கி நின்றது செய்தியாவதில்லை.

ஆனால் சிடிஎன் போட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கேமராவிலிருந்து வரும் படம் 6,000 பிக்சல் அகலம், 8 எம்பி கனம் இருக்கும். கைபேசித் திரைக்கு 1,080 பிக்சல் அகலமே போதும். அந்த அளவுக்குச் சுருக்கி வெப்பி வடிவில் சேமித்தால் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சுருக்காமல் அப்படியே ஏற்றிய 40 சேலைப் படங்களைப் பார்க்கும் பெண்ணுக்கு 320 எம்பி டேட்டா போய்விடும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் பேக் போட்டிருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு கடையிலேயே காலி. படம் சென்னையிலிருந்து வந்தாலும் வர்ஜீனியாவிலிருந்து வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அவர் சேலை வாங்கவே இல்லையென்றாலும் அந்த டேட்டா திரும்பி வராது. கடைக்காரரின் சோம்பலுக்கு வாடிக்கையாளர் காசு கட்டுவது அநியாயம்.

இப்போது பெரும்பாலான சிடிஎன்கள் படத்தைத் தாங்களே சுருக்கித் தருகின்றன. கேட்கும் கைபேசி எந்த வடிவத்தைப் புரிந்துகொள்ளும் என்று பார்த்து, பழைய கருவிக்கு 1992-ல் வந்த ஜேபெக், புதியதற்கு 2010-ல் கூகுள் கொண்டுவந்த வெப்பி அல்லது 2019-ல் வந்த ஏவிஃப் என்று மாற்றி அனுப்புகின்றன. நல்ல வசதிதான். ஆனால் ஜவுளிக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அழகே கட்டமும் கோடும்தான். கறுப்பு உடலில் அரக்குக் கோடு ஓடும், மாம்பழ மஞ்சளில் கருஞ்சிவப்புக் கரை வரும். படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகக் காக்கப்படுகிறது. நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறார்கள். மனிதக் கண் நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது என்பது இதற்கு ஆதாரம். மலை, முகம், மரம் என்றால் சரிதான். கறுப்பு மேல் ஓடும் மெல்லிய அரக்குக் கோட்டில் வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவு, வேறுபாடு எல்லாம் நிறத்தில்தான். அங்கே நிறத்தைக் குறைத்தால் கோடு கலங்கி அழுக்குப் பட்டதுபோல் ஆகிவிடும். சாதாரணமாகப் பயன்படும் வெப்பி வடிவில் இந்தக் குறைப்பைத் தவிர்க்க வழியே இல்லை. ஜேபெக்கிலும் ஏவிஃபிலும் முழு நிறத்தையும் வைக்கச் சொல்லலாம், ஆனால் நாம் கேட்டால்தான் செய்யும்.

இன்னொன்று. நல்ல கேமராவில் அகன்ற நிறப்பரப்பில் எடுக்கும் வசதி இருக்கிறது. அப்படி எடுத்த படத்துக்குள் இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று சொல்லும் ஒரு குறிப்பு இருக்கும். கனத்தைக் குறைக்கிறேன் என்று சிடிஎன்கள் சில நேரம் அந்தக் குறிப்பையும் சேர்த்து உதறிவிடுகின்றன. உடனே படம் வெளுத்துப்போகும். அரக்கு செங்கல் நிறமாகத் தெரியும். பார்சலைப் பிரித்த வாடிக்கையாளர், படத்தில் பார்த்தது வேறு, வந்தது வேறு என்று திருப்பி அனுப்புவார். நெய்தவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் நட்டம் கடைசியில் அவர் கூலியில்தான் வந்து விழும். அதனால் ஏற்றுவதற்கு முன்பே எல்லாப் படத்தையும் இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்புக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு குறிப்பை யார் உதறினாலும் நிறம் மாறாது. கைபேசியில் எடுத்த படத்தில் எந்த இடத்தில் எடுத்தது என்ற தகவலும் ஒளிந்திருக்கும். அதை உதறுவது நல்லது. தறி வீட்டுக்குள் இருக்கிறது, அந்த வீட்டின் இருப்பிடம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

சிறு கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. சிடிஎன் கணினி எல்லா நகலையும் எப்போதும் வைத்துக்கொண்டிருக்காது. அடிக்கடி கேட்கப்படும் படத்தை வைத்துக்கொள்ளும், யாரும் கேட்காததை இடம் வேண்டி அகற்றிவிடும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே காட்சி என்பதால் ஒரு நகல் லட்சக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. ஆச்சியின் கடையிலோ ஒரு சேலைப் படத்தை ஒரு நாளில் 20 பேர் பார்த்தால் அதிகம். அந்த 20 பேரும் நான்கு நாடுகளில் இருப்பார்கள். ஆகவே பெரும்பாலான நேரம் நகல் அங்கே இருக்காது, மூல சர்வருக்கே ஆள் அனுப்பிக் கேட்க வேண்டியிருக்கும். மூல சர்வர் வர்ஜீனியாவில் இருந்தால் சிடிஎன் இருந்தும் பயன் பாதிதான். அமேசானின் மும்பை மையம் 2016-லிருந்து இருக்கிறது, பெங்களூரிலும் சென்னையிலும் வாடகைக்குச் சர்வர் கிடைக்கிறது. முதலில் மூலத்தை இந்தியாவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு சிடிஎன் வையுங்கள். சென்னையில் கணினி வைத்திருக்கும் சிடிஎன்கூட, குறைந்த கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களின் படத்தைச் சில இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அனுப்புவதுண்டு. நிறுவனங்களுக்கு இடையே இருக்கும் இணைப்புக் கட்டணம்தான் காரணம். பணம் கட்டுமுன் உங்கள் ஊரில் உள்ள இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம்மில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

அருகில் நகல் இல்லாமல் மூலம் வரை போக வேண்டிய இதே சிக்கலை உலக அளவில் பார்க்க வேண்டுமானால் விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். அவர்கள் படங்களை வெளி நிறுவனத்திடம் கொடுக்கவில்லை, தங்களுக்கென்று சொந்த வலையமைப்பு வைத்திருக்கிறார்கள். மூலம் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் டெக்சாஸிலும் இருக்கிறது. 2018-ல் சிங்கப்பூரில் ஒரு மையம் திறந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மதுரைக் கோபுரத்தின் படத்தை நாம் திறந்தால் அது பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு கவலையான கணக்கைச் சொன்னது. 2024 ஜனவரியிலிருந்து படங்களும் காணொளிகளும் இறங்கும் அளவு 50 சதவீதம் கூடியிருக்கிறது. காரணம் மனிதர்கள் இல்லை, செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சேகரிக்கும் நிரல்கள். பக்கங்களைத் திறப்பதில் அவற்றின் பங்கு 35 சதவீதம்தான், ஆனால் மூல சர்வர் வரை போகும் செலவு மிகுந்த வேண்டுகோள்களில் 65 சதவீதம் அவற்றுடையது. மனிதர்கள் எல்லாரும் பார்ப்பதைப் பார்க்கிறார்கள், நிரல்கள் யாரும் பார்க்காததையும் விடாமல் திறக்கின்றன. அருகில் நகல் வைப்பது என்ற ஏற்பாட்டையே இது அரித்துவிடுகிறது. பொதுமக்கள் நன்கொடையில் நடக்கும் ஒரு களஞ்சியத்துக்கு இந்தச் சுமையைப் பெரிய நிறுவனங்கள் ஏற்றுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

சரி, நவம்பர் 18-க்கு வருவோம். அன்று முழுதாக முடங்கியவை, தங்கள் வாசலையே கிளவுட்ஃபிளேர் வலையமைப்பின் வழியாக வைத்திருந்த தளங்கள். எழுத்து, விலை, படிவம், படம் எல்லாமே ஒரே வழி. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி வலையமைப்பு முடங்கியபோதும் இப்படித்தான் கார்டியன், நியூயார்க் டைம்ஸ், பிரிட்டன் அரசின் தளம் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன. வாடிக்கையாளர் ஒருவர் விதிப்படியே செய்த ஓர் அமைப்பு மாற்றம், மென்பொருளில் ஒளிந்திருந்த பிழையைக் கிளப்பிவிட்டது. 49 நிமிடத்தில் 95 சதவீதத்தை மீட்டார்கள். வங்கிக்கும் பெரிய அரசுத் தளத்துக்கும் தாக்குதல் பயம் இருக்கிறது, முழு வாசலையும் அப்படிக் காவலில் வைப்பது அவர்களுக்குத் தேவை. சேலைக் கடைக்கும் கல்லூரிக்கும் நூலகத்துக்கும் அது அவசியமில்லை என்பது என் கருத்து.

நான் செய்வது இதுதான். பக்கம் கடையின் சொந்தச் சர்வரிலிருந்து வரும். பெயர், விலை, நீளம், நூல் எண், வாட்ஸ்அப் எண் எல்லாம் எழுத்தாக இருக்கும், சில கிலோபைட்தான். படங்கள் மட்டும் தனி முகவரியில், சிடிஎன் வழியாக வரும். கனத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு படம்தான், ஆகவே சிடிஎன் தரக்கூடிய நன்மை ஏறக்குறைய முழுதும் கிடைத்துவிடுகிறது. நாளை அந்த வலையமைப்பு விழுந்தாலும் கடை திறந்தே இருக்கும். படத்தின் இடத்தில் ‘மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, 5.5 மீட்டர்’ என்று மாற்று வாசகம் தெரியும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்டால் ஆச்சி படத்தை நேராக அனுப்பிவிடலாம். கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அந்த வாசகம்தான் உதவுகிறது.

அந்தத் தனி முகவரி கடையின் சொந்த டொமைன் பெயரில் இருக்க வேண்டும். நான் கடைக்காரர்களிடம் மிகக் கறாராகப் பேசுவது இந்த ஒரு இடத்தில்தான். 2017 கோடையில் போட்டோபக்கெட் என்ற படச்சேமிப்பு நிறுவனம், தன்னிடம் இருக்கும் படங்களை வேறு தளங்களில் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும் என்று விதியை மாற்றியது. ஆண்டுக்கணக்காக இலவசமாக அங்கே படம் வைத்திருந்த ஈபே விற்பனையாளர்கள், பொழுதுபோக்குக் குழுக்கள், கைவினைஞர்கள் எல்லாருடைய பக்கங்களிலும் படம் மறைந்து, பணம் கட்டச் சொல்லும் அறிவிப்புப் படம் வந்து நின்றது. அவர்கள் பக்கங்களில் எழுதி வைத்திருந்தது போட்டோபக்கெட்டின் முகவரி. ஆயிரக்கணக்கான பக்கங்களைத் திருத்தாமல் வெளியேற முடியாது. தன் டொமைனின் பெயரில் முகவரி வைத்திருப்பவருக்கு இந்தக் கதி வராது. டொமைன் பதிவில் ஒரு வரியை மாற்றினால் அதே முகவரி வேறு வலையமைப்புக்குப் போய்விடும், எந்தப் பக்கத்தையும் தொட வேண்டாம். அந்த டொமைன் பதிவைச் சிடிஎன் நிறுவனத்திடமே ஒப்படைக்காமல் வேறொருவரிடம் வைத்திருப்பதும் முக்கியம். நவம்பர் 18 அன்று விலக நினைத்தவர்களில் பலரால் விலக முடியவில்லை, அமைப்பை மாற்றும் பக்கத்துக்குள் நுழைவதே அந்த நேரத்தில் சிக்கலாக இருந்தது.

மூலப்படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று கடையில், ஒன்று வேறு வீட்டில். சிடிஎன்னில் இருப்பது நகல் மட்டுமே. சேலை மாறினால் பழைய கோப்பின் பெயரிலேயே புதுப் படத்தை ஏற்றக் கூடாது. சிடிஎன்னில் இருக்கும் நகலை அழித்துவிடலாம், வாடிக்கையாளர் கைபேசியில் தங்கிவிட்ட நகலை யாராலும் அழிக்க முடியாது. புதுப் படத்துக்குப் புதுப் பெயர்.

கடைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாலும் என் மனக்குறை பெரும்பாலும் பொதுத் தளங்கள் மேல்தான். மழைக்காலத்தில் ஒரு துறையின் தளத்தைத் திறந்தேன். முதலில் விழாப் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றப்பட்டது. அவசர எண்கள் கீழே இருந்தன, அவையும் படமாக. காற்றில் கோபுரங்கள் பாதி விழுந்து, ஒரு கோட்டு சிக்னலோடு கூரையில் நிற்பவருக்கு அந்த எண்கள் வந்து சேரவே சேராது. எழுத்தாக வைத்திருந்தால் 100 எழுத்து. தமிழ் எழுத்துரு எல்லாக் கணினியிலும் இல்லாத 1990களில், தமிழை வேறு வழியின்றிப் படமாகப் போட்டார்கள். அதற்கு நியாயம் இருந்தது. யூனிகோடு தமிழ் எல்லாக் கைபேசியிலும் வந்துவிட்ட இன்றும் சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாகப் போடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. அதைத் தேட முடியாது, காதால் கேட்க முடியாது, பார்வையற்றவருக்கு அது வெறும் வெற்றிடம்.

வெள்ள வரைபடம் போன்றவை படமாகத்தான் இருந்தாக வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் கேட்கிறார்கள் என்பதால் சிடிஎன் மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடமும் அதுதான். தேர்வு முடிவு வரும் காலையிலும் அப்படியே. மதிப்பெண் ஒவ்வொருவருக்கும் வேறு, அதை மூல சர்வர்தான் தர வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தின் சின்னமும் மேற்பட்டைப் படமும் எழுத்துருவும் எல்லாருக்கும் ஒன்றே. அவற்றைச் சிடிஎன்னுக்கு மாற்றிவிட்டால் மூல சர்வர் மதிப்பெண்ணை மட்டும் கவனிக்கலாம்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அங்கே இருந்தவர்கள் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் இறங்க நிமிடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் கேபிளுக்கு 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. பொதுப் பணத்தில் பாதை போட்டுத் தருகிறோம், அந்தப் பாதையில் அனுப்பும் படத்தைச் சுருக்கக் கவனமில்லை.

துறைகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளாட்சிகளும் இணையதளத்தைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் செய்கின்றன. ஒப்பந்ததாரர் மாறும்போது படங்கள் காணாமல் போவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. படங்கள் அவருடைய கணக்கில், அவர் பெயரில் உள்ள முகவரியில் இருந்திருக்கும். டெண்டர் விதிகளில் நான்கு வரி சேர்த்தால் போதும். முகப்புப் பக்கத்தின் படங்கள் எல்லாம் சேர்ந்து 500 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. படங்கள் நாட்டுக்குள் நகல் வைக்கும் சிடிஎன் வழியாக, துறையின் சொந்த டொமைன் பெயரில் வர வேண்டும். அவசரத் தகவல் எதுவும் படமாக மட்டும் இருக்கக் கூடாது. ஒப்பந்தம் முடியும் நாளில் மூலப்படங்களும் டொமைன் கணக்கும் துறையிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை. இதற்குச் சட்டமோ தனி நிதியோ தேவையில்லை, அடுத்து வரும் டெண்டர் அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம்.